வாடகை வீடுதான், ஆனா அழகா இருக்கணும்: பெங்களூருக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை, மதுரை, கோவைன்னு எங்கிருந்தோ வேலை கிடைச்சு பெங்களூர் வந்து, அலைஞ்சு திரிஞ்சு ஒரு 2 பிஹெச்கே புடிச்சு, சரி இனிமே இதைக் கொஞ்சம் வீடு மாதிரி ஆக்கலாம்னு உக்காருறவங்களுக்குத்தான் இது. யூடியூப்ல வர்ற ஹோம் டூர் எல்லாம் பாத்தீங்கன்னா முக்கால்வாசி சொந்த வீடு, ஃபால்ஸ் சீலிங் போட்டு சுவரெல்லாம் பேனல் அடிச்சு பண்ணியிருப்பாங்க, நமக்கு அந்தக் கதையே கிடையாது. நாங்க முன்னாடி இருந்த வீட்டைக் காலி பண்ணும்போது ஓனர் பெயிண்டிங்னு சொல்லி ஒரு மாச வாடகையைப் புடிச்சாரு, அது இங்க வழக்கம்தான்னு விட்டாச்சு, அதுக்கு மேல நாங்க குடி வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஆணி ஓட்டைக்கும் சேத்துப் புடிச்சாரு, போட்டோவைக் காட்டினா "இது எந்த ரூமோ யாருக்குத் தெரியும்"னுட்டாரு. அதனால கீழ சொல்றது எல்லாமே ஒரே கணக்குலதான் போகும்: கழட்டி எடுத்துட்டுப் போக முடியுற பொருள்ல காசு போடுங்க, சுவர்லயும் தரையிலயும் வயரிங்லயும் போடாதீங்க.

1. சாவி வாங்குற அன்னிக்கு: பேப்பரும் வீடியோவும்

அழகு பத்தி பேசுறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட். இங்க பொதுவா 11 மாசத்துக்குத்தான் போடுவாங்க. ஒரு காலத்துல 10 மாச வாடகை அட்வான்ஸ்ங்கிறது சர்வ சாதாரணம், இப்பவும் சில ஓனருங்க அதையே கேப்பாங்க, ஆனா பேசினா 5, 6 மாசத்துக்கு இறங்கி வர்றவங்களும் நிறைய இருக்காங்க, கேக்காம மட்டும் விடாதீங்க. எவ்வளவா இருந்தாலும் சரி, கேஷா குடுக்காதீங்க, பேங்க் வழியாவே அனுப்புங்க.

அக்ரிமெண்ட்ல நீங்க விரல் வச்சுப் படிக்க வேண்டிய வரி மூணுதான். பெயிண்டிங் சார்ஜ் எவ்வளவுன்னு தொகை எழுதியிருக்கான்னு பாருங்க, "ஓனர் முடிவு செய்யும் தொகை"ங்கிற மாதிரி இருந்தா அதை அடிச்சுட்டு நம்பரை எழுத வைங்க. சுவர்ல ட்ரில் போடலாமா கூடாதா, போட்டா எத்தனை இடம்னு கேட்டு அதையும் எழுத வைங்க. அப்புறம் சாதாரணமா புழங்குறதால வர்ற தேய்மானத்துக்குக் காசு புடிக்க மாட்டோம்னு ஒரு வரி, இது இல்லன்னா தரையில ஒரு கீறலுக்குக் கூட கணக்கு வரும்.

போட்டோ பத்தாது. வாசல்ல வீட்டு நம்பர் தெரியுற இடத்துல வீடியோ ஆரம்பிச்சு, நிறுத்தாம ஒவ்வொரு ரூமா போய், சுவர், ஆணி ஓட்டை, கதவுக்குக் கீழ உப்பிப் போன இடம், பாத்ரூம் குழாய், கீசர், ஃபேன் எல்லாத்தையும் எடுத்து அன்னிக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் அனுப்பிடுங்க. கூடவே எத்தனை ஃபேன், எத்தனை ட்யூப்லைட், எத்தனை சாவி, கர்ட்டன் ராடு இருக்கா இல்லையான்னு ஒரு லிஸ்ட். சுவர்ல அடிச்சிருக்கிற பெயிண்ட் என்ன கம்பெனி, என்ன ஷேடு நம்பர்னு அப்பவே கேட்டு வச்சுக்கங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அது ஓனருக்கும் ஞாபகம் இருக்காது.

கரண்ட்டுக்கு இன்னொண்ணு. 200 யூனிட் வரைக்கும் இலவசம்னு கர்நாடக அரசோட கிருஹ ஜோதி திட்டம் 2023ல இருந்து இருக்கு, வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் உண்டு. பில்லுல இருக்கிற ஆர்.ஆர். நம்பரும் (கரண்ட் கனெக்ஷன் நம்பர்) உங்க ஆதாரும் வேணும், வீட்டு விலாசத்துக்கு வாடகை அக்ரிமெண்ட் காட்டலாம். முன்னாடி இருந்தவங்க ஆதார் அதுல லிங்க் ஆகி இருந்தா மொதல்ல அதைக் கழட்டணும், அதனால அவங்க போறதுக்கு முன்னாடியே ஓனர் மூலமா சொல்லிடுங்க. எல்லாருக்கும் 200 முழுசா கிடைக்காது, இலவச யூனிட் எவ்வளவுங்கிறது பழைய 12 மாச சராசரியோட கொஞ்சம் கூட்டித்தான், 200ஐத் தாண்டினா மொத்த பில்லும் நம்ம தலையில.

2. ஊர்ல இருந்து எதைக் கொண்டு வரணும், எதை விட்டுட்டு வரணும்

பேக்கர்ஸ்காரங்க போன்ல ஒரு ரேட் சொல்லுவாங்க, வண்டி ஓசூர் தாண்டினப்புறம் இன்னொரு ரேட் சொல்லுவாங்க. மாடி எத்தனை, லிஃப்ட் உண்டா இல்லையா, கட்டில் கழட்டி மாட்டுற கூலி, டோல், ஜிஎஸ்டி எல்லாம் சேத்து எழுத்துல வாங்காம ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் குடுக்காதீங்க. பேர் போன கம்பெனி பேரையே கொஞ்சம் மாத்தி வச்சுக்கிட்டு நடத்துறவங்க நிறைய, ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுப் பாத்தா பேர் தெரிஞ்சுடும். மாசக் கடைசி, மாச ஆரம்பம், சனி ஞாயிறு ரேட் ஏறும், நடு மாசத்துல ஒரு செவ்வாய் புதன் கிடைச்சா நல்லது (செவ்வாய்க்கிழமை பால் காய்ச்ச மாட்டேன்னு அம்மா சொல்லுவாங்க, அப்ப புதன்).

அப்பார்ட்மெண்ட்னா ஷிஃப்டிங்குக்கு அசோசியேஷன்ல முன்னாடியே சொல்லணும். நிறைய இடத்துல ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்த விடமாட்டாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லிஃப்ட் குடுக்க மாட்டாங்க, மூவ் இன் சார்ஜ்னு திரும்ப வராத காசு ஒண்ணு வாங்குவாங்க. அது ஓனர் கட்டுறதா நீங்க கட்டுறதான்னு அக்ரிமெண்ட் போடும்போதே பேசிடுங்க. பீக் நேரத்துல பெரிய லாரிக்கு சிட்டிக்குள்ள தடை இருக்கு, வண்டி வெளிய நின்னுட்டா அன்னிக்கு லிஃப்ட் நேரம் போச்சு.

கேஸ் சிலிண்டரை லாரில ஏத்தாதீங்க. சிலிண்டரும் ரெகுலேட்டரும் பழைய ஏஜென்சில குடுத்து வவுச்சர் வாங்கிட்டு, டெபாசிட்டைத் திரும்ப எடுத்துட்டு, இங்க வந்து வவுச்சரையும் நீலப் புத்தகத்தையும் வாடகை அக்ரிமெண்ட்டையும் காட்டினா கனெக்ஷன் குடுப்பாங்க.

இனி விஷயத்துக்கு வருவோம். ஊர்ல இருந்து கட்டாயம் எடுத்துட்டு வர வேண்டியது துணியும் பித்தளையும். பவானி ஜமுக்காளம் ஒண்ணு ஹால்ல விரிச்சா, கடையில பாக்குற பாலியெஸ்டர் கார்ப்பெட் எல்லாம் அதுகிட்ட நிக்காது, தூசி தட்டி மடிச்சு வச்சுடலாம், வாக்குவம் வேண்டாம். பத்தமடை பாய் ஜன்னல் ஓரத்துல, கரூர், சென்னிமலை பக்கத்து பெட்ஷீட்டு, பாட்டி வீட்டுல பரண்ல தூங்குற பித்தளை அண்டா (அதுல செடி வைக்கலாம்), நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒண்ணு. இதையெல்லாம் இங்க எத்னிக்னு பேர் போட்டு நல்ல விலைக்கு விக்கிறாங்க, நம்ம வீட்டுல சும்மா கிடக்கு. விட்டுட்டு வர வேண்டியது கழட்ட முடியாத மர அலமாரி, பழைய இலவம்பஞ்சு மெத்தை, கண்ணாடி வச்ச பெரிய ஷோகேஸ்.

3. மொதல் வாரம் எதுவும் வாங்காதீங்க, டேப்பை எடுங்க

பாயை விரிச்சுப் படுங்க, ஒண்ணும் ஆகாது. அந்த வாரத்துல எந்த ஜன்னல்ல காலை வெயில், எதுல மேற்கு வெயில், எந்த மூலையில மொபைல் சார்ஜ் போட பிளக் இருக்கு, எந்த பெட்ரூம்ல ரோட்டு சத்தம் ஜாஸ்தின்னு வீடே சொல்லிடும். ஷாப்பிங் பண்ணிட்டு வந்து அப்புறம் அளக்குறதுதான் இங்க பெரும்பாலான வீட்டுல நடக்குது, சோபா லிஃப்ட்டுக்குள்ள போகாம மாடிப்படில தூக்கிட்டு வர்ற காட்சியை எந்த அப்பார்ட்மெண்ட்லயும் மாசம் ஒரு தடவை பாக்கலாம்.

அளக்க வேண்டியது: லிஃப்ட் கதவு அகலமும் உள் உயரமும், மெயின் டோர், பெட்ரூம் கதவு, கட்டில் வரப்போற சுவர், ஜன்னல் அகலம் உயரம், ஜன்னல்ல இருந்து தரை வரைக்கும் உயரம். எல்லாத்தையும் இன்ச்ல எழுதி போன்ல வச்சுக்கங்க. குயின் மெத்தை 60க்கு 78, கிங் 72க்கு 78 இன்ச். ஆனா மெத்தை நீளம் 72, 75, 78, 84னு நாலு விதமா வருது, கட்டில் ஒரு கடையிலயும் மெத்தை ஆன்லைன்லயும் வாங்கினா 3 இன்ச் இடைவெளி விழுந்து தலைகாணி அதுக்குள்ள போய் சொருகிக்கும். கட்டிலைச் சுத்தி நடக்க ரெண்டு அடியாவது விடணும். 10க்கு 11 ரூம்ல கிங் சைஸ் போட்டா அலமாரிக் கதவைத் திறக்க கட்டில் மேல ஏறி நிக்கணும்.

ஹார்டுவேர் கடையில மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்கி, சோபா, டைனிங் டேபிள் அளவுக்குத் தரையில ஒட்டிட்டு ரெண்டு நாள் அதைச் சுத்தி நடந்து பாருங்க. இடிக்குதுன்னு தோணுச்சுன்னா சின்ன சைஸ் எடுங்க.

ஈரச் சுவரையும் இப்பவே கண்டுபிடிச்சுடணும். மே மாசத்துல ஆரம்பிக்கிற மழை அக்டோபர், நவம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும், வெளிச்சுவர் ஓரமா பெயிண்ட் பொரிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருந்தா அந்தப் பக்கம் அலமாரி, துணி, புக் ஷெல்ஃப் எதையும் ஒட்டி வைக்காதீங்க, நாலு விரல் இடைவெளி விடுங்க. பட்டுப்புடவை எல்லாம் உள் சுவர்ல இருக்கிற அலமாரிக்குத்தான்.

4. லைட்: கம்மி காசுல பெரிய மாத்தம்

என்னைக் கேட்டா சோபாவுக்கு முன்னாடி லைட். வாடகை வீட்டுல ஹாலுக்கு நடுவுல ஒரு வெள்ளை ட்யூப், பெட்ரூம்ல ஒண்ணு, அவ்வளவுதான் இருக்கும். அதுக்குக் கீழ நீங்க எவ்வளவு காசு போட்டு எதை வச்சாலும் கிளினிக் வெயிட்டிங் ரூம் மாதிரிதான் தெரியும். பல்பு டப்பாவுல கெல்வின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், 6500 வெள்ளை, 2700, 3000 மஞ்சள். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் 3000, சமையலறைக்கும் படிக்கிற டேபிளுக்கும் வெள்ளையையே விட்டுடுங்க, மஞ்ச லைட்டுல கீரை ஆய முடியாது.

ஓனர் வயரிங்ல கை வைக்க வேண்டாம். பிளக்ல சொருகுற ஸ்டாண்ட் லேம்ப் ஒண்ணு, டேபிள் லேம்ப் ஒண்ணு, இருக்கிற ஹோல்டர்ல மஞ்ச பல்பு, இவ்வளவு போதும். மேல இருந்து ஒரே வெளிச்சம் வர்றதை விட மூலைக்கு மூலை சின்னச் சின்னதா வந்தா ரூம் பெருசாத் தெரியும். சிக்பேட் பக்கம் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுல லைட் கடைங்க வரிசையா இருக்கு, மால் விலையைப் பாத்துட்டு அங்க போனா வித்தியாசம் புரியும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நிறைய கடை மூடியிருக்கும், ரோட்டுல சண்டே பஜார் கூட்டம் வேற. கன்னடத்துல "ஸ்வல்ப கம்மி மாடி"ன்னு (கொஞ்சம் கம்மி பண்ணுங்க) ஒரு தடவை சொல்லிப் பாருங்க, பாதிக் கடையில பதில் தமிழ்லயே வரும்.

நீங்க கழட்டுற ஓனர் ட்யூப், ஹோல்டர், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு மேல "ஓனர்"னு எழுதி லாஃப்ட்ல வச்சுடுங்க. காலி பண்ணும்போது அந்தப் பெட்டி இல்லன்னா புதுசு வாங்கி மாட்டித்தான் சாவி குடுக்கணும்.

5. கர்ட்டன்

ரெடிமேட் கர்ட்டன் 5 அடி, 7 அடி, 9 அடின்னு மூணு நீளத்துல வரும், அகலம் ஒரு பீஸ் கிட்டத்தட்ட 4 அடி. ஜன்னல் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு துணி இருந்தாத்தான் மடிப்பு விழும், அப்ப 6 அடி ஜன்னலுக்கு மூணு பீஸ். ரெண்டு பீஸ் வாங்கி இழுத்து மாட்டினா காயப்போட்ட போர்வைதான்.

ஜன்னலோட நிக்குற 5 அடி கர்ட்டனை விட, ராடு கொஞ்சம் மேல இருந்து தரை வரைக்கும் விழுற நீளக் கர்ட்டன் போட்டா சீலிங் உயரமா தெரியும். அதுக்கு 7 அடி பத்தாது, 9 அடி ஜாஸ்தி, அதனால 9 அடி வாங்கி தெருமுனை டைலர்கிட்ட குடுத்து அளவுக்கு வெட்டிக்கலாம். காட்டன்னா மொதல்ல ஒரு தடவை தண்ணியில நனைச்சுக் காயப்போட்டுட்டு அப்புறம் வெட்டக் குடுங்க, சுருங்கும். சிக்பேட்ல துணியா எடுத்து தைக்கக் குடுக்கிறது மலிவு, ஆனா டைலர் சொல்ற நாளோட ஒரு வாரம் கூட்டிக்கங்க, தசரா, தீபாவளி சமயத்துல அதுவும் பத்தாது.

ராடு ஏற்கனவே இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா ட்ரில் போடணும், "மூணு ஜன்னலுக்கு ராடு மாட்டுறோம், காலி பண்ணும்போது விட்டுட்டுப் போறோம்"னு ஓனருக்கு வாட்ஸ்அப் போட்டு அவர் ஓகே சொன்னதை வச்சுக்கங்க, பெரும்பாலும் சந்தோஷமா ஒத்துக்குவாங்க. கொசுவலை இல்லாத வீடா இருந்தா கர்ட்டனுக்கு முன்னாடி வெல்க்ரோ வலை ஒட்டுங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல ஜன்னல் திறந்திருந்தா இங்க குடும்பத்தோட வரும்.

6. சுவர்

புது அப்பார்ட்மெண்ட் நிறைய மிவான், அதாவது முழுக்க கான்க்ரீட் சுவர். ஆணி அடிச்சா வளையும், வீட்டுல இருக்கிற சின்ன ட்ரில் திணறும், ஹேமர் ட்ரில் வச்சிருக்கிற ஆளைக் கூப்பிடணும். சில தனி வீட்டுல ஹாலோ பிளாக் இருக்கும், அதுல ட்ரில் சுலபமா இறங்கும் ஆனா வெயிட் தாங்காது, கனமான கண்ணாடி, டிவி மாட்டுறதா இருந்தா ஸ்க்ரூ புடிச்சு நிக்க ஓட்டைக்குள்ள சொருகுற தனி பிளக் இருக்கு, கேட்டு வாங்குங்க. ட்ரில் சத்தத்துக்கு அப்பார்ட்மெண்ட்ல நேரம் வச்சிருப்பாங்க, மத்தியானம் அடிச்சா கீழ் வீட்டுல இருந்து இன்டர்காம் வரும்.

ஒட்டுற கொக்கி பத்தி: எமல்ஷன் அடிச்ச வழவழ சுவர்ல நிக்கும், டிஸ்டெம்பர் சுவர்ல நிக்கவே நிக்காது. கையால தேச்சுப் பாருங்க, உள்ளங்கையில வெள்ளையா பொடி ஒட்டினா அது டிஸ்டெம்பர், அங்க ஃப்ரேமைத் தரையில, இல்ல ஷெல்ஃப் மேல சாய்ச்சு வைங்க, அதுவே ஒரு ஸ்டைல்தான். வால்பேப்பர், வால் ஸ்டிக்கர் பக்கமே போகாதீங்க, உரிக்கும்போது பெயிண்ட்டையும் சேத்து உரிச்சுட்டு வரும், அட்வான்ஸ்ல புடிக்க ஓனருக்கு அதை விட நல்ல காரணம் வேண்டாம்.

படம் எங்க வாங்குறது? ஜனவரி வரைக்கும் பொறுங்க. வருஷா வருஷம் ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை குமார கிருபா ரோட்டுல சித்ரகலா பரிஷத்ங்கிற ஓவியக் கல்லூரி நடத்துற சித்ர சந்தே (படச் சந்தை) இருக்கு, ரோட்டை அடைச்சு ரெண்டு பக்கமும் பல மாநிலத்து ஆர்ட்டிஸ்ட்டுங்க வந்து அவங்க வரைஞ்சதை வச்சு விப்பாங்க, உள்ள போக டிக்கெட் கிடையாது. நூறு, இருநூறு ரூபாய்ல சின்ன வாட்டர்கலர்ல ஆரம்பிச்சு லட்சத்துல போற கேன்வாஸ் வரைக்கும் இருக்கும். காலையில போனா நல்லது கையில கிடைக்கும், சாயங்காலம் போனா விலை இறங்கும், கார்ல போகாதீங்க. ஃப்ரேம் இல்லாம சுருட்டிக் குடுக்கிறதை வாங்கி வீட்டுப் பக்கத்துல ஃப்ரேம் போட்டா செலவு கம்மி.

7. ஃபர்னிச்சர்: வாடகையா, பழசா, புதுசா

ஒரு வருஷத்துக்குள்ள ஊர் மாறுவோம்னு தோணினா வாடகைக்கு எடுங்க. ஆதார், பான், வாடகை அக்ரிமெண்ட், சில இடத்துல ஆபீஸ் ஐடி கேப்பாங்க, டெபாசிட் திரும்பி வரும். எத்தனை மாசம்னு சொல்லி எடுத்தீங்களோ அதுக்கு முன்னாடி குடுத்தா காசு புடிப்பாங்க, அந்த வரியைப் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கப் போறீங்கன்னா மாச வாடகையை 24ஆல பெருக்கிப் பாருங்க, அந்தக் காசுக்குப் பெரும்பாலும் புதுசே வரும்.

பழைய சாமான் வாங்க இந்த ஊரை மாதிரி வேற ஊர் கிடையாது, வெளிநாடு போறவங்க மாசா மாசம் வித்துட்டே இருக்காங்க. மாசக் கடைசி வாரம் நல்ல விலைக்கு வரும், ஏன்னா அவங்க வீட்டைக் காலி பண்ணியாகணும். ஆனா நேர்ல போய்ப் பாக்காம காசு அனுப்பாதீங்க. மிலிட்டரி ஆபீசர்னு சொல்லிக்கிட்டு, டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, சோபாவைப் பாதி விலைக்குத் தர்றேன், வண்டி வாடகை மட்டும் முன்னாடி போடுங்கன்னு வர்ற மெசேஜ் எல்லாம் மோசடி. நீங்க விக்கும்போது, வாங்குறேன்னு வர்ற மோசடிக்காரன் க்யூஆர் கோட் அனுப்பி ஸ்கேன் பண்ணுங்க, காசு வரும்பான். நமக்குக் காசு வர்றதுக்கு நாம பின் போட வேண்டிய அவசியமே கிடையாது, பின் கேட்டாலே கட் பண்ணிடுங்க.

பழைய கட்டில் பாக்கப் போறப்போ டார்ச் கொண்டு போங்க. மூட்டைப்பூச்சி மேல இருக்காது, கட்டில் கால் சேர்ற மூலை, ஸ்க்ரூ ஓட்டை, பலகை அடிப்பக்கம், ஹெட்போர்டு குஷன் தையல் ஓரம் இங்கதான் இருக்கும். பூச்சி கண்ணுல படாட்டி கூட சின்னச் சின்ன கறுப்புப் புள்ளி வரிசையா தெரியும், ஈரத் துணியால தொட்டா செம்பழுப்பா இழுபடும். அப்படி இருந்தா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. பழைய மெத்தையும், துணி போட்ட பழைய சோபாவும் சும்மா குடுத்தாக்கூட வேண்டாம். மர டைனிங் டேபிள், புக் ஷெல்ஃப், பிரம்பு நாற்காலி, இரும்பு ரேக் இதெல்லாம் தாராளமா வாங்கலாம்.

புதுசுன்னா, பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) சாமான் பாக்க அழகா இருக்கும், ஒரு தடவை கழட்டி மாட்டினா ஸ்க்ரூ புடிப்பு போயிடும், ஓரத்துல தண்ணி பட்டா உப்பிடும். நாலு வீடு மாறப் போறவங்களுக்கு அது சரிப்படாது. கார்ப்பெண்டரை வச்சு செய்றதா இருந்தா பிளைவுட் மேல ஐஎஸ் 303 போட்டிருந்தா அது பொது உபயோகத்துக்கு, ஐஎஸ் 710 போட்டிருந்தா தண்ணி நல்லா தாங்குற வகை, சிங்க் பக்கம் வர்ற எதுக்கும் 710. சிவாஜிநகர், இன்ஃபன்ட்ரி ரோடு பக்கம் கடை கடையா ஏறி இறங்கலாம். நாகசந்திராவுல ஐகியா 2022ல திறந்தாங்க, மெட்ரோ கிரீன் லைன்ல போயிடலாம், டெலிவரிக்கும் மாட்டிக் குடுக்கவும் தனித்தனியா சார்ஜ் வரும், பில்லோட அதையும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

8. சமையலறை, பாத்ரூம்

சுருக்கமா. போர்வெல், டேங்கர் தண்ணி வர்ற ஏரியான்னா உப்புக்கறை குழாய், கண்ணாடி, ஸ்டீல் ரேக் எல்லாத்துலயும் வெள்ளையா படியும், வாரம் ஒரு தடவை வினிகர் தெளிச்சு துடைச்சாத்தான் போகும், அதனால கறுப்புக் கலர் குழாய், கறுப்பு சோப் டிஷ்னு ஆசைப்பட்டு வாங்காதீங்க. டப்பா எல்லாம் ஒரே மாதிரி வாங்கணும்னு ஒரு வியாதி இருக்கு, தினம் எடுக்கிற உப்பு, புளி, பருப்புக்கு மட்டும் வாங்குங்க, மத்தது பழைய டப்பாவுலயே கதவுக்குப் பின்னாடி இருக்கட்டும், யார் பாக்கப் போறாங்க.

9. செடி, பால்கனி

இந்த ஊர் கிளைமேட்டுக்கு செடி தானா வளரும், சென்னை வெயில்ல கருகிப் போனதெல்லாம் இங்க தளதளன்னு நிக்கும். லால்பாக் நர்சரி, அதை ஒட்டி சித்தாபுரா பக்கம் இருக்கிற நர்சரிங்க, இங்கயே முடிச்சுக்கலாம். ஆரம்பத்துக்கு மணி பிளாண்ட், ஸ்னேக் பிளாண்ட், ஒரு கறிவேப்பிலை, துளசி போதும். மண் தொட்டிக்கு பென்சன் டவுன் பக்கத்துல பாட்டரி டவுன்னு ஒரு இடம், குயவர் குடும்பங்க தலைமுறையா சக்கரம் சுத்துற தெரு, தமிழ் பேசுறவங்க நிறைய. தொட்டி மட்டும் இல்ல, அகல், உருளி, பெரிய ஜாடின்னு ஹால் மூலைக்கு வைக்க ஏதாவது கண்ணுல மாட்டும். தட்டிப் பாருங்க, கணீர்னு சத்தம் வந்தா நல்லா வெந்திருக்கு, மொத்தையா வந்தா விரிசல்.

தொட்டிக்குக் கீழ தட்டு கட்டாயம், கீழ் வீட்டுல காயப்போட்ட வெள்ளைச் சட்டையில செம்மண் தண்ணி சொட்டினா அதோட சினேகிதம் முடிஞ்சது. கிரில்லுக்கு வெளிப்பக்கம் தொட்டி தொங்க விட நிறைய அசோசியேஷன்ல தடை. புறா வலை போடணும்னா என்ன கலர் வலைங்கிறது வரைக்கும் ரூல் இருக்கும், கேட்டுட்டுப் போடுங்க.

10. சாமி மூலை, கோலம், கொலு

தனி பூஜை ரூம் இல்லாத வீட்டுல ஹால்ல கிழக்குப் பாத்த ஒரு சின்ன மர ஷெல்ஃப் போதும், பின்னாடி சுவர்ல ஒரு டைல்ஸ் துண்டையோ பித்தளைத் தட்டையோ சாய்ச்சு வச்சுடுங்க, ஆறு மாசத்துல விளக்குக் கரி சுவர்ல ஏறிடும். அல்சூர் பஜார் பக்கம் போனா நம்மூர் பூஜை சாமான் எல்லாம் கிடைக்கும், பூவுக்கு கே.ஆர். மார்க்கெட் காலையில சீக்கிரமா.

வாசல் காரிடார்ல கோலம் போட கூச்சப்படாதீங்க, கன்னடக்காரங்க வீட்டு முன்னாடியும் ரங்கோலி இருக்கும். கொலுவும் அப்படித்தான், அவங்களும் தசராவுக்கு பொம்மை வைப்பாங்க, மல்லேஸ்வரம், காந்தி பஜார் கடைகள்ல நவராத்திரிக்கு முன்னாடியே பொம்மை இறங்கிடும். மைசூர் ரோட்டுல சன்னபட்ணா வழியா போனா மர பொம்மை ஒரு செட் வாங்கிக்கங்க, கொலுவுக்கும் ஆச்சு, மத்த மாசம் புக் ஷெல்ஃப்லயும் நிக்கும். படிக்கு மடக்கி வைக்கிற இரும்பு ஸ்டாண்டா பாருங்க, மத்த நாள்ல அதையே செடி ஸ்டாண்டா பால்கனில போட்டுக்கலாம்.

11. செலவும் நேரமும்

2 பிஹெச்கேக்கு மொத மாசம் நான் ஒதுக்கச் சொல்றது: லைட்டுக்கு 4,000ல இருந்து 6,000, கர்ட்டனுக்கும் மத்த துணிக்கும் 10,000ல இருந்து 15,000, செடி தொட்டிக்கு 2,000, ட்ரில் ஆள், டைலர், ஆட்டோ வாடகைன்னு உதிரிக்கு 3,000. மெத்தை மட்டும் புதுசா, முதுகுக்கு ஏத்தது, அதுல பேரம் பேசாதீங்க. சோபா, டைனிங் டேபிள் எல்லாம் ரெண்டாவது, மூணாவது மாசம், அதுவும் பழசுல நல்லது மாட்டினா. டெலிவரி தேதியை நம்பி விருந்தாளியைக் கூப்பிடாதீங்க.

வீடு மாறுற தேதி உங்க கையில இருந்தா ஆடி மாசத்தை யோசிங்க. கன்னடக்காரங்களும் ஆஷாட மாசத்துல புது வீடு போக மாட்டாங்க (அது நம்ம ஆடிக்கு முன்னாடியே ஆரம்பிக்கிற வருஷமும் உண்டு, கேலண்டரைப் பாத்துக்கங்க), ஓனருக்கு வீடு சும்மா கிடக்கும், வாடகையிலயோ அட்வான்ஸ்லயோ இறங்கி வருவாரு, துணிக்கடையில தள்ளுபடியும் அப்பத்தான். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஸ்கூல் மாறுறவங்க கூட்டம், அப்ப பேரமே பேச விடமாட்டாங்க. வீட்டுப் பெரியவங்க ஆடியில பால் காய்ச்ச ஒத்துக்கலைன்னா, ஆனிக் கடைசியில ஒரு நல்ல நாள் பாத்து பாலை மட்டும் காய்ச்சிட்டு சாமானை ஆடியில ஏத்துங்க. வாடகை எந்தத் தேதியில இருந்து ஓடும்ங்கிறதை மட்டும் அக்ரிமெண்ட்ல தெளிவா எழுதி வாங்கிக்கங்க.